டிவி மூலையில் வந்த நம்பர்

பரிசு வரப்போகிறது என்று நம்புகிறவர்கள் முகத்தில் ஒரு தனிக் களை வந்து உட்கார்ந்துவிடும். பேபியின் முகத்தில் அது ஒரு வாரமாக இருந்தது. வாசலில் சைக்கிள் நின்றால் எட்டிப் பார்த்தாள். கூரியர்காரன் அடுத்த தெருவுக்குப் போனால்கூட, பாவம், வீடு தெரியாமல் சுற்றுகிறானோ என்று தவித்தாள்.

போன வாரம் நடந்தது இதுதான். கிரிக்கெட் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தபோது டிவியின் மூலையில் நீளமாக ஒரு நம்பர் தோன்றியது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறைந்துபோனது. தெருவே அதைப் பார்த்தது. சோப்பு உறையை அனுப்பினால் ஸ்கூட்டர், பற்பசை அட்டையை அனுப்பினால் சிங்கப்பூர் என்று வீட்டுக்கு வீடு போஸ்ட் கார்டு எழுதிக்கொண்டிருக்கிற காலம் இது. டிவியில் ஒரு நம்பர் வந்தால் வேறு என்னவென்று நினைப்பார்கள்?

"அது பிரைஸ் நம்பருடி. மொதல்ல போன் பண்றவங்களுக்குத்தான் குடுப்பான்" என்று சொன்னது எதிர் வீட்டு ராஜம்மா.

தெருவில் போன் இருந்தது பேபியின் வீட்டில்தான். அவள் புருஷன் கன்னியப்பன்தான் அந்தப் பக்கத்துக்குக் கேபிள்காரன். லைன் வரவில்லை என்று ஜனங்கள் கூப்பிட்டுத் திட்டுவதற்காக வாங்கிய போன் அது. பேபி சேனல்காரர்களின் மெட்ராஸ் ஆபீசுக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் அவ்வளவு இனிமையாகப் பேசினாள். பேபி குறித்துவைத்திருந்த நம்பரைக் கேட்டாள், பெயர் கேட்டாள், தெரு கேட்டாள், கேபிள் யாருடையது என்று கேட்டாள். "எங்க ஊட்டுக்காரருதுதாம்மா" என்று பேபி பெருமையாகச் சொல்லி வைத்தாள். பரிசு கையில் வந்த பிறகு புருஷனிடம் சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டதுதான் அவள் செய்த அடுத்த தப்பு.

இன்று மறுபடியும் மேட்ச். காலையிலேயே ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு வீடு சத்தமாக டிவி ஓடிக்கொண்டிருந்தபோது, மடிப்புக் கலையாத சட்டையும் தோல் பையுமாக ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"கன்னியப்பன் வீடு இதுதானேம்மா? சேனல் ஆபீஸ்லேர்ந்து வர்றேன். சண்முகசுந்தரம்."

"வாங்க சார், வாங்க. உங்களத்தான் ஒரு வாரமா பாத்துகினு கீறேன். குந்துங்க."

சண்முகசுந்தரத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் போகிற வீடுகளில் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துவார்கள். இங்கே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். ராஜம்மா ஓடிப்போய்க் கலர் சோடா வாங்கிவந்தாள்.

"நம்பரைப் பத்தி போன் பண்ணது நீங்கதானா?"

"நாந்தான் சார். பேபி."

"மெஷின் ரூமைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

பரிசு தருவதற்கு முன்னால் நாலும் விசாரிப்பார்கள், அதில் என்ன தப்பு? பேபி அவரை மொட்டை மாடிக்கு அழைத்துப்போனாள். தகரக் கொட்டகைக்குள் வரிசையாக மெஷின்கள் முனகிக்கொண்டிருந்தன. சண்முகசுந்தரம் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்.

"டீகோடர் எங்கேம்மா? எங்க சேனலைப் பிரிச்சுக் காட்டற டப்பா?"

"அது எங்கண்ணன் ஊட்ல கீது சார். தண்டவாளத்துக்கு அந்தாண்ட. அங்கேந்து ஒயரு வருது பாருங்க, தண்டவாளத்துக்கு அடியில கீற மதகுக்குள்ள பூந்து." கையை நீட்டி இடத்தைக்கூடக் காட்டிக் கொடுத்தாள். "பிரைஸ் இன்னா சார்? கலர் டிவியா, மிக்ஸியா?"

சண்முகசுந்தரம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் பெண்டாட்டி இருந்தாள்.

"அம்மா, பரிசு ஒண்ணும் கிடையாது. அது டப்பாவோட நம்பர். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு நம்பர் உண்டு. எந்த டப்பாவோட படம் எந்த ஏரியாவுல ஓடுதுன்னு பிடிக்கறதுக்காக நாங்கதான் அதை ஓட விட்டோம். நீங்க பார்த்த நம்பர் கஜபதிங்கறவர் பேர்ல இருக்கு. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மட்டும்தான் அவருக்கு உரிமை. அது உங்க வீட்டு டிவியில வந்திருக்கக் கூடாது."

பேபிக்கு முதலில் காதில் விழுந்தது பரிசு கிடையாது என்பது மட்டும்தான். மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியது.

அந்த டப்பாவின் கதை இவ்வளவுதான். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை பார்த்த லேத் பட்டறை மூடிய பிறகு, கன்னியப்பன் தண்டவாளத்துக்குத் தெற்கே கேபிள் இழுத்தான். வடக்கே பேபியின் அண்ணன் கஜபதி ஏற்கெனவே இழுத்திருந்தான். அப்புறம் சேனல்காரர்கள் மேட்ச் சேனலைக் காசு சேனலாக்கி, டப்பா இல்லாவிட்டால் படம் கலங்கித்தான் தெரியும் என்று ஆக்கிவிட்டார்கள். தனித்தனியாக வாங்க இரண்டு பேருக்கும் வக்கில்லை. சேர்ந்து ஒன்று வாங்கினார்கள். பெரியவன் என்பதால் கஜபதி பெயரில் வாங்கி, அவன் வீட்டில் வைத்து, மதகு வழியாக ஒயரை இழுத்துக்கொண்டார்கள். அண்ணன் தங்கை வீடு என்றால் குழம்பு போகும், கறி போகும். படம் போனால் என்ன என்று யாருக்கும் தோன்றவில்லை.

கன்னியப்பன் தோளில் ஒயர்ச் சுருளோடு படியேறி வந்தபோது, சண்முகசுந்தரம் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவன் கத்தவில்லை. அவன் குரலை உயர்த்தாத மனிதன்.

"சார், அந்த டப்பா துட்டு குடுத்து வாங்கினது. வாடகைக்கு எடுக்கல. எங்க மிக்ஸிய மச்சான் ஊட்ல வச்சி ரெண்டு ஊட்டுக்கும் அரைச்சா மிக்ஸி கம்பெனிக்காரன் வந்து கேப்பானா?"

"டப்பா உங்களுதுதான், கன்னியப்பன். அதுல வர்ற படம் எங்களுது."

"சரி, அப்ப இதுல வேற சேனலு பாத்துக்கறோம். உங்க படம் வேணாம்."

"வேற எதுவும் அதுல வராது. எங்க சேனல் மட்டும்தான் திறக்கும். அப்படித்தான் பூட்டியிருக்கோம்."

"அப்ப துட்டு எங்குளுது, பூட்டு உங்குளுது. நல்லா கீதே சார் நாயம்." கன்னியப்பன் ஒயர்ச் சுருளைத் தரையில் வைத்தான். "இன்னொரு டப்பா எம்பேர்ல குடுங்க. எப்டியாவது துட்டப் பொரட்டிக் கட்டிடறேன்."

"அதையெல்லாம் நீங்க முன்னாடியே கேட்டிருக்கணும். இப்போ கேஸ்னு ஆயிடுச்சு. நான் ஒண்ணும் செய்ய முடியாது. எங்களுக்குத் தகவல் வந்தது, நான் வந்து பார்த்தேன்."

தகவல் வந்தது என்றபோது அவர் பேபியின் பக்கம் திரும்பவே இல்லை. அந்த இரக்கம் அவளை இன்னும் கொன்றது.

கீழே இறங்கியவர், அந்த வீட்டுப் போனிலிருந்தே ஆபீசுக்குப் பேசி, அந்த நம்பர் டப்பாவை அங்கிருந்தே மூடச் சொன்னார். அவர் போனை வைத்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தெரு முழுக்க ஒரே சமயத்தில் டிவிச் சத்தம் நின்றது. பிறகு ஒவ்வொரு வாசலாகக் குரல் கிளம்பியது. கன்னியப்பா, இன்னாய்யா ஆச்சி, நல்ல நேரத்துல புடுங்கிட்டியே என்று ஆள் ஆளுக்குக் கேட்டார்கள். போன் அடிக்க ஆரம்பித்து, நிற்காமல் அடித்தது. குடிக்காத கலர் பாட்டில் நாற்காலியடியில் அப்படியே இருந்தது.

"போலீஸ்ல புகார் கொடுத்தாச்சு. மத்தியானம் ஸ்டேஷன்ல கூப்பிடுவாங்க. அடுத்து உங்க மச்சானையும் பார்க்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு சண்முகசுந்தரம் போனார்.

கன்னியப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். பேபி சோறு போட்டாள். அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"எவனோ போட்டுக் குடுத்துட்டான், பேபி. நம்ம தெருவுலயே சோறு துன்னுட்டு, நம்ம லைன்லயே படம் பாத்துகினு, நம்மளையே போட்டுக் குடுத்துட்டான்."

அவள் வாயைத் திறந்தாள். சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். போன் அடித்தது. அவன் எழுந்து போய் எவனிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பி வந்தபோது வாசலில் ஒரு போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"சும்மா விசாரணைதான். அப்பால வந்துருவேன். நீ கதவச் சாத்திக்க" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனான் கன்னியப்பன்.

பேபி கதவைச் சாத்தினாள், ஆனால் வெளியே நின்று. தண்டவாளத்தைத் தாண்டி அண்ணன் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவளுக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம் இருந்தது. அண்ணன் ஸ்டேஷனுக்கு வந்து, டப்பா இரண்டு பேருக்கும் பொது, நான்தான் ஒயர் விட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், தன் புருஷன் திருடன் இல்லை. ஏதோ தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று அபராதத்தோடு போகும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஓடினாள்.

கஜபதியின் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மேட்ச். படம் துளிக் கலக்கமில்லாமல் பளிச்சென்று தெரிந்தது.

பேபி அதைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். தன் தெருவில் போன படம் இங்கே எப்படி வந்தது?

"வா பேபி" என்றாள் அண்ணி சாமுண்டீஸ்வரி. சொன்னவள் உட்காரச் சொல்லவில்லை. டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

கஜபதி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஆள் வாட்டசாட்டம். அப்பன் செத்தபோது நின்று எல்லாக் காரியமும் செய்தவன், தங்கை கல்யாணத்தில் முதல் பந்தியிலிருந்து கடைசிப் பந்திவரை இலை போட்டவன். இன்று அவன் கண் தரையை விட்டு எழவில்லை.

"அண்ணா, அவர ஸ்டேஷனுக்கு இட்டுகினு போய்ட்டாங்க. நீ வந்து ஒரு வார்த்த சொல்லு."

"சொல்லியாச்சு."

"இன்னா சொன்ன?"

"அந்த ஆபீசரு வந்தாரு. மதகாண்ட கீற ஒயரக் கண்ணால பாத்துட்டாரு. 'ரெண்டு பேரும் கூட்டுன்னா ரெண்டு பேருக்கும் லைன் போய்டும். உங்களுக்குத் தெரியாம அவரு ஒயரு மாட்டி இழுத்துகினாருன்னா, அந்த ஒயர வெட்டிட்டு உங்க டப்பாவ இப்பவே தொறந்து வுடறேன்'னாரு." கஜபதி நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "எனக்கு ரெண்டு பொண்ணு கீது பேபி. தெரியாதுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

பேபிக்குச் சட்டென்று அழுகை வரவில்லை. வந்தது கோபம்.

"திருடன்னு எழுதிக் குடுத்தியா? உன் மாப்ளய?"

"நான் ஒண்ணும் மொதல்ல ஆரம்பிக்கல" என்றான் கஜபதி. அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். "போன் பண்ணது யாருன்னு கேட்டேன். ஒம் பேரச் சொன்னாரு. கூடப் பொறந்தவ நீயே சொல்லிட்ட. அப்பால நான் மட்டும் சத்தியசந்தனா நின்னு இன்னா பண்றது?"

"பிரைஸுன்னு நெனச்சேன், அண்ணா."

"இன்னாது?"

"அந்த நம்பரு. பரிசுன்னு நெனச்சிப் போன் பண்ணேன்."

கஜபதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் திருவேற்காட்டுத் திருவிழாவில் கைவிட்டுத் தொலைந்துபோன தங்கையைக் கண்டுபிடித்தபோது பார்த்த பார்வை அது. அவன் முகம் கோணியது. அழப்போகிறான் என்று நினைத்தாள். ஆனால் அவன் அழவில்லை.

"போட்டது போட்டதுதான். இனிமே மாத்திச் சொன்னா என்னியும் உள்ள வைப்பான்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மாப்ளகிட்ட இத சொல்லாத, பேபி. தாங்க மாட்டாரு."

புருஷன் தாங்கமாட்டான் என்பதற்காகவா, அவன் இனித் தன் முகத்தில் விழிக்கமாட்டானே என்பதற்காகவா, அது கஜபதிக்குத்தான் வெளிச்சம். பேபி வெளியே வந்தாள். பின்னால் டிவியின் சத்தத்தை யாரோ மறுபடி கூட்டினார்கள்.

ஸ்டேஷன் வராந்தாவில் கன்னியப்பன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அடிக்கவில்லை, மிரட்டவில்லை. செருப்பை மட்டும் வாசலில் விடச் சொல்லியிருந்தார்கள். பேபியைப் பார்த்ததும் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தான். அவன் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. காலையில் இல்லாத தெளிவு.

"யோசிச்சிட்டேன் பேபி. டப்பா மச்சான் பேர்ல கீது. நான் எதுனா ஒளறினா அவர் லைனும் போய்டும். அதனால ஒயரு நான்தான் திருட்டுத்தனமா மாட்டினேன், மச்சானுக்குத் தெரியவே தெரியாதுன்னு சொல்லிட்டேன். ஏட்டு எழுதிகினு கீறாரு. ஒரு லைனாவது நிக்கட்டும். அது நின்னா நமக்கும் ஒரு கஞ்சி ஊத்த மாட்டாரா?"

இரண்டு பேரும் சொன்னது ஒரே வார்த்தை. ஒருவன் அதைத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னான், இவன் மச்சானைக் காப்பாற்றச் சொன்னான். போலீஸுக்கு என்ன, இரண்டும் பொருந்திப் போய்விட்டது. இனி இந்த மனிதனைத் திருடன் இல்லை என்று யார் சொன்னாலும் எடுபடாது.

அவளால் இதற்குமேல் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லத்தான் ஆரம்பித்தாள்.

"போட்டுக் குடுத்தது நாந்தாங்க."

கன்னியப்பன் சிரித்தான். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாள், தன்னைத் தேற்றச் சொல்கிறாள் என்று நினைத்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். நம்பர் வந்தது, ராஜம்மா சொன்னது, போன் போட்டது என்று அவள் ஒன்றுவிடாமல் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. வராந்தாவில் விளக்குப் போட்டார்கள். அவன் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"பிரைஸ் வந்ததும் சொல்லலாம்னு..."

"சொல்லியிருந்தா மட்டும் இன்னா? எனக்கும் அந்த நம்பரு இன்னான்னு தெரியாது. நானே போன் போட்டுக் குடுத்திருப்பேன்." அவள் முழங்கையை ஒரு தரம் அழுத்தினான். "சரி, உடு. அழுவாத. எல்லாரும் பாக்கறாங்க."

அவன் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கைநீட்டி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்த மனிதனிடம் அடுத்ததை எப்படிச் சொல்வது?

"மச்சானாண்ட போனியா? இன்னா சொன்னாரு?"

சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டான், நீங்கள் போடாதீர்கள், எழுந்து வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். தாள் இன்னும் ஏட்டின் மேஜை மேல்தான் இருந்தது. ஆனால் ஒரு உண்மையைச் சொல்லி அவன் முகம் மாறியதை இப்போதுதான் பார்த்தாள். இன்னொன்றைச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

"அழுதாருங்க" என்றாள். "ஒங்கள நெனச்சி ஓன்னு அழுதாரு."

கன்னியப்பன் தலையை ஆட்டினான். கண் லேசாகக் கலங்கியது. "தெரியும். நல்ல மனுசன்" என்று முணுமுணுத்தான்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். எழுந்து போய், ஏட்டு காட்டிய இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டான். ஏட்டு கண்ணாடியை உயர்த்திக்கொண்டு வராந்தாவைப் பார்த்தார்.

"தகவல் குடுத்த பேபிங்கறது நீதானேம்மா? உள்ள வா. சாட்சிக்கு உன் கையெழுத்து வேணும்."

பேபி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்னியப்பன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தான் கையெழுத்துப் போட்ட பேனாவை மூடாமல் அவளிடம் நீட்டினான்.